அடித்தல் திருத்தல்

இந்திய அரசியல் சட்டத்தின் முகப்புரை ஒரே வாக்கியம். மக்களாகிய நாம் என்று தொடங்கி, நமக்கே அளித்துக்கொள்கிறோம் என்று முடிகிறது. முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு தேதி: 1949 நவம்பர் 26. பள்ளிப் புத்தகங்களிலும் அரசு அலுவலகச் சுவர்களிலும் இந்த வாக்கியத்தை இந்தத் தேதியோடுதான் பார்க்கிறோம். ஆனால் வாக்கியத்துக்குள் இருக்கும் சமதர்மம், மதச்சார்பின்மை என்ற இரண்டும் அந்தத் தேதியில் அங்கே இல்லை. தேசத்தின் ஒற்றுமை என்றிருந்த இடத்தில் ஒருமைப்பாடும் சேர்ந்துகொண்டது பிறகுதான். மூன்றும் 1976-ல் 42வது திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 1977 ஜனவரி 3-ல் அமலுக்கு வந்தவை. சொற்கள் மாறின, தேதி மாறவில்லை.

பழைய ஏடு ஒன்றில் இப்படி நேர்ந்திருந்தால் இடைச்செருகல் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவோம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. இடைச்செருகல் இருட்டில் நடப்பது. செய்தவன் பெயர் தெரியாது. இது பட்டப்பகலில் ஓட்டெடுத்து கெஜட்டில் போட்டுச் செய்யப்பட்டது. (அந்தப் பகலில் வெளிச்சம் எவ்வளவு இருந்தது என்பது வேறு கேள்வி. நெருக்கடி நிலை, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள்.) இன்னொன்றும் உண்டு. 1948 நவம்பரில் கே.டி. ஷா என்ற அங்கத்தினர் முதல் ஷரத்திலேயே இந்த இரண்டு சொற்களையும் சேர்க்கவேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கேட்டார். சமூகத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை வரப்போகும் மக்களே தீர்மானிக்கட்டும், இப்போதே கட்டிப்போட வேண்டாம் என்று அம்பேத்கர் மறுத்தார். சபை நிராகரித்தது. ஆக, இன்றைய வாசகம், 1949-ல் கூடியிருந்தவர்கள் எழுதவேண்டாம் என்று யோசித்து விட்ட சொற்களை அவர்கள் வாயில் அவர்கள் தேதியோடு வைக்கிறது.

அந்தச் சொற்கள் கூடாது என்பது என் கட்சி அல்ல. அவற்றின் பொருள் முன்பே ஷரத்துகளில் பரவிக் கிடந்தது. அவற்றை நீக்கக் கேட்ட வழக்கை 2024 நவம்பர் 25-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. ஏற்றுக்கொண்ட தேதி திருத்தும் அதிகாரத்துக்குத் தடையாகாது என்றது. சட்ட ரீதியில் விஷயம் முடிந்தது. வாசகனுக்கு முடியவில்லை. இந்த வாக்கியத்தைப் பேசுகிறவர் யார், எப்போது பேசுகிறார் என்பது அவனுக்கு இன்னும் பாக்கியிருக்கிறது. 2023 செப்டம்பரில் புதிய பார்லிமெண்ட் கட்டிடத்துக்குக் குடிபோனபோது அங்கத்தினர்களுக்குத் தரப்பட்ட பிரதிகளில் இந்தச் சொற்கள் இல்லை என்று தகராறு எழுந்தது. அது மூலப் பிரதி என்று பதில் வந்தது. இரண்டு பிரதிகள் ஒரே தேதியோடு நாட்டில் உலவுகின்றன என்பது அன்று சிலருக்காவது தெரிந்தது.

கவிதைப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பி.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விமர்சனம், எழுதியவனை மறந்துவிட்டுப் பிரதியை மட்டும் பார் என்றது. அப்புறம் படித்த பிரெஞ்சுக்காரர்கள் எழுதியவன் செத்தே போனான் என்றார்கள். இரண்டையும் உண்மையிலேயே நம்புகிறோமா என்று சோதித்துப்பார்க்க அரசியல் சட்டத்தைவிட நல்ல பிரதி கிடையாது. இங்கே எழுதியவன் சாகவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து, கையில் பேனாவோடு உட்காருகிறான்.

திருத்தத்தை எங்கே எழுதுவது என்ற கேள்வி அமெரிக்காவில் முதலிலேயே எழுந்தது. 1789-ல் முதல் திருத்தங்களைக் கொண்டுவந்த மாடிஸன், அவற்றை மூலத்துக்குள்ளேயே உரிய இடங்களில் நெய்துவிட விரும்பினார். படிக்கிறவன் இரண்டு இடங்களைப் புரட்டி ஒப்பிட வேண்டியதில்லை, ஒரே சீராக இருக்கும் என்பது அவர் வாதம். ரோஜர் ஷெர்மன் ஒப்பவில்லை. இரும்பையும் களிமண்ணையும் பிசைவதற்குச் சமம் என்றார். மேரிலாந்துப் பிரதிநிதி மைக்கேல் ஸ்டோன் சொன்னதுதான் என் விஷயத்துக்கு நேரே வருகிறது: உள்ளே நெய்துவிட்டால், வாஷிங்டனும் மற்றவர்களும் தங்கள் மனசிலேயே இல்லாத ஒன்றில் கையெழுத்துப் போட்டதாகத் தோன்றும். ஆகஸ்ட் 13-ந் தேதி ஷெர்மனின் யோசனை தோற்றது. ஆறு நாள் கழித்து, 19-ந் தேதி, சபை மனசு மாறி அதையே ஏற்றது. அன்றிலிருந்து அமெரிக்கத் திருத்தங்கள் கடைசியில் வரிசையாக ஒட்டப்படுகின்றன.

இதன் பலன் விசித்திரமானது. அடிமைகளை ஐந்தில் மூன்று ஆளாகக் கணக்கிட்ட வரி இன்னும் அதே இடத்தில் அச்சாகிறது. 1919-ல் மதுவிலக்கைக் கொண்டுவந்த 18வது திருத்தமும், 1933-ல் அதை ரத்து செய்த 21வது திருத்தமும் ஒரே தாளில் இருக்கின்றன. அந்தத் தேசம் எதற்கெல்லாம் வெட்கப்படவேண்டுமோ அதெல்லாம் படிக்கிற நிலையில் இருக்கிறது. திருத்துவதோ மகா கஷ்டம்: இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு. மொத்தம் 27 தடவைதான் நடந்திருக்கிறது. கடைசியாகச் சேர்ந்த 27வது, 1789-ல் முன்மொழியப்பட்டது, 1992-ல் நிறைவேறியது. இருநூறு வருஷம் தூங்கிய அதை எழுப்பியது ஒரு கல்லூரி மாணவரின் கட்டுரை. அதற்கு வாத்தியார் போட்ட மார்க் ரொம்பக் குறைவு.

நாம் மாடிஸன் வழியில் போனோம். யாரும் இதைப் பெரிதாக விவாதித்ததாகத் தெரியவில்லை. பிரிட்டிஷ் சட்டங்கள் திருத்தப்படும் பழக்கம் அப்படியே வந்தது. இன்று கையில் எடுக்கிற பிரதி 2023 வரை 106 திருத்தங்களைத் தின்று செரித்த உடம்பு. கவனித்துப் பார்த்தால் மட்டுமே தழும்புகள் தெரியும். 31ஏ, 31பி, 31சி என்று ஷரத்துகள் இருக்கின்றன, 31 இல்லை. சொத்துரிமை சொன்ன அந்த ஷரத்து 1978-ன் 44வது திருத்தத்தில் போய்விட்டது. பேரன்கள் இருக்கிறார்கள், தாத்தா இல்லை. 19வது ஷரத்தின் முதல் உட்பிரிவில் சுதந்திரங்கள் ஆங்கில அகரவரிசையில் ஏ, பி, சி, டி, இ வரை வந்து, உடனே ஜி-க்குத் தாவுகின்றன. எஃப் இருந்த இடம் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது. அங்கேயும் இருந்தது சொத்துதான்.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது உறுத்தும். பழைய லெட்ஜர்களில் தப்பாக எழுதிவிட்ட தொகையைச் சுரண்டவோ அழிக்கவோ கூடாது. குறுக்கே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கிற மாதிரி இருக்கவேண்டும். மேலே சரியான தொகை. பக்கத்தில் திருத்தியவரின் சின்னக் கையெழுத்து. கம்ப்யூட்டர் வந்தபிறகும் தத்துவம் மாறவில்லை. தப்பான பதிவை யாரும் எடுத்துவிட முடியாது. எதிர்ப்பதிவு ஒன்று போட்டு நேர் செய்யவேண்டும், இரண்டும் கணக்கில் நிற்கும். பத்து ரூபாய்க்கு இந்த மரியாதை உண்டு.

இனி 368வது ஷரத்து. திருத்துவது எப்படி என்பதை அதுதான் சொல்கிறது. மசோதா இரு சபைகளில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒவ்வொரு சபையிலும் தனித்தனியே, மொத்த அங்கத்தினர்களில் பாதிக்கு மேலும், வந்திருந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும். இரு சபைகளும் முரண்பட்டால் கூட்டுக்கூட்டம் போட்டுத் தப்பிக்க முடியாது. பிறகு ஜனாதிபதி சம்மதிக்கவேண்டும். 1971 முதல் அவர் மறுக்கவும் முடியாது. ஜனாதிபதித் தேர்தல், மத்திய மாநில அதிகாரங்கள், ஏழாவது அட்டவணையின் பட்டியல்கள், ஹைகோர்ட்டுகள், பார்லிமெண்டில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் போன்றவற்றைத் தொட்டால், ஜனாதிபதியிடம் போவதற்கு முன் மாநிலச் சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவை ஆமோதிக்கவேண்டும். 368-ஐயே திருத்தவும் இதே கடுமைதான். மாநிலங்கள் ஆமோதிக்கலாம், தாங்களாக ஆரம்பிக்க முடியாது. மக்களிடம் நேராகக் கேட்பது என்பது கிடையவே கிடையாது. ஜனதா ஆட்சிக் காலத்தில் அப்படி ஒரு வழி வைக்கப் பார்த்தார்கள், ராஜ்யசபை ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் வெளியே, சாதாரண மெஜாரிட்டியால் முடிகிற மாற்றங்கள் உண்டு. ஒரு மாநிலத்தின் பெயர், எல்லை. மேல்சபை வேண்டுமா வேண்டாமா. 1969 ஜனவரி 14 முதல் மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு ஆனதும், 1986-ல் நம் மேல்சபை மறைந்ததும் இந்த வழியில்தான். முதல் அட்டவணையில் ஒரு பெயர் அழிந்து வேறு பெயர் வந்தது. அதற்காக எத்தனை வருஷப் போராட்டம், எத்தனை பேர் பட்டபாடு. ஆனால் 4வது ஷரத்து சொல்கிறது: இப்படிப்பட்ட மாற்றம் எதுவும் 368-ன்படி திருத்தமாகக் கருதப்படாது.

இந்தக் 'கருதப்படும்', 'கருதப்படாது' என்பவை சட்டத்தின் கற்பனை வளம் குடியிருக்கும் இடம். நாவலாசிரியன் பொய் சொல்லும்போது நாம் சம்மதித்துக் கேட்கிறோம். சட்டம் பொய் சொல்லும்போது செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்கிறது. யாரால் கருதப்படும்? எழுவாய் கிடையாது.

தலைப்புகளும் சும்மா இல்லை. 1950-ல் 368-க்குப் பக்கத்துத் தலைப்பு, அரசியல் சட்டத்தைத் திருத்தும் நடைமுறை என்று மட்டுமே இருந்தது. 1967-ல் கோலக்நாத் வழக்கில், பதினொரு நீதிபதிகளில் ஆறு பேர், அடிப்படை உரிமைகளைப் பார்லிமெண்ட் குறைக்க முடியாது என்றபோது, தலைமை நீதிபதி சுப்பாராவ் இந்தத் தலைப்பையும் கையில் எடுத்தார்: இங்கே சொல்லியிருப்பது நடைமுறைதான், அதிகாரம் அல்ல. ஒரு சொல்லை அழுத்திப் படித்து ஒரு அரசாங்கத்தை நிறுத்திவைத்தார். அதற்குப் பதிலாக 1971-ன் 24வது திருத்தம் தலைப்பையே மாற்றியது. பார்லிமெண்டின் அதிகாரமும் அதற்கான நடைமுறையும் என்று ஆயிற்று. சேர்க்கலாம், மாற்றலாம், நீக்கலாம் என்று மூன்று வினைகளும் வந்து உட்கார்ந்தன. தன் வாசிப்பை மறுத்த விமர்சகனுக்குப் பதில் எழுதாமல், அவன் மேற்கோள் காட்டிய வரியை அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிற எழுத்தாளர்கள் நமக்கும் தெரியும்.

1973 ஏப்ரல் 24, கேசவானந்த பாரதி தீர்ப்பு. இதைப்பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதின்மூன்று பேர் 68 நாள் கேட்டார்கள். பதினொரு தீர்ப்புகள் எழுதினார்கள். ஏழுக்கு ஆறு என்று பிரிந்தார்கள். முடிவு: எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. அந்தச் சொற்றொடர் அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. எவையெவை அடிப்படை என்பதற்கு ஒத்துக்கொண்ட பட்டியலும் இல்லை. ஜெர்மானியர்கள் 1949-லேயே தங்கள் சட்டத்தின் 79வது ஷரத்தில் தொடக்கூடாதவற்றை எழுதிவைத்தார்கள். நம்முடையது எழுதப்படாத வரி, படித்துக் கண்டெடுத்தது. எவ்வளவு மாற்றினால் ஒரு நூல் வேறு நூலாகிவிடுகிறது என்ற, இலக்கிய விமர்சனத்தின் பழைய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். திருத்தம் என்ற சொல்லுக்குள்ளேயே பதில் இருக்கிறது என்று கன்னா போன்றவர்கள் கண்டார்கள்: திருத்தியபிறகும் மிஞ்சி நிற்க ஏதாவது இருந்தால்தான் அது திருத்தம்.

இந்த வாசிப்பின் விதை எங்கிருந்து வந்தது என்பது நம் போன்ற ஐம்பது பேர் வாசிக்கும் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. 1965 பிப்ரவரியில் டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மானிய அறிஞர் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு செய்தார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் முதல் ஷரத்தை மாற்றி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாக்கிவிட முடியுமா என்பது அவர் அங்கே எழுப்பிய கேள்விகளில் ஒன்று. பேச்சு வக்கீல் எம்.கே. நம்பியார் கைக்குப் போயிற்று, கோலக்நாத்தில் வாதமாயிற்று. எட்டு வருஷம் கழித்து கன்னாவின் தீர்ப்பில் கான்ராடின் பெயரே வந்தது.

பிறகு நெருக்கடி நிலை. பிரதம மந்திரியின் தேர்தலைக் கோர்ட்டுக்கு அப்பால் வைக்கும் 39வது திருத்தம் 1975 ஆகஸ்ட் 7-ல் லோக்சபையில் வந்து அன்றே நிறைவேறி, ராஜ்யசபை, மாநிலங்களின் ஆமோதிப்பு எல்லாம் தாண்டி 10-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதமும் பெற்றது. நான்கு நாள். என் வங்கியில் பெயர்த்திருத்தம் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். 368 சொன்ன படிகளில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. அந்த நவம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் அதன் முக்கியப் பகுதியைச் செல்லாது என்றது. மறு வருஷம் 42வது திருத்தம் 368-க்கு 4, 5 என்று இரண்டு உட்பிரிவுகள் சேர்த்தது: எந்தத் திருத்தத்தையும் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது, திருத்தும் அதிகாரத்துக்கு எந்த எல்லையும் கிடையாது. 1980-ல் மினர்வா மில்ஸ் தீர்ப்பில் இரண்டும் செல்லாமல் போயின.

ஆனால் இன்றும் அச்சாகிறவற்றைப் புரட்டிப்பாருங்கள். அந்த இரண்டு உட்பிரிவுகளும் அதே இடத்தில் முழுதாக இருக்கின்றன. கீழே பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு: செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பார்லிமெண்ட் நீக்கினால் வரி மறைந்துவிடுகிறது. கோர்ட் அடித்தால் வரி நிற்கிறது, கோடு மட்டும் விழுகிறது. நீதிபதிகள் நியமனத்துக்காக 2014-ல் வந்து 2015-ல் அடிபட்ட 99வது திருத்தமும் இப்படியே நிற்கிறது. அரசியல் சட்டத்தில் லெட்ஜர் ஒழுக்கம் மிச்சமிருப்பது இந்த அடிக்குறிப்புகளில்தான். கூட்டுறவுச் சங்கங்களுக்கான 97வது திருத்தத்தின் கதை இன்னும் சுவாரசியம்: 2011-ல் நிறைவேறியது, மாநிலங்களின் ஆமோதிப்பை வாங்க மறந்தார்கள் (அல்லது அவசியமில்லை என்று எண்ணினார்கள்), 2021-ல் மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று ஆயிற்று. பத்து வருஷம் இருந்த ஒரு பகுதி, வவுச்சரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் திரும்பிவந்தது.

இதுவரை சொன்னதில் டில்லி வாடை அடிக்கிறது. நம் வீட்டுக்கு வருவோம். எழுத்தாளனுக்குச் சம்பந்தமான ஷரத்து 19. பேச்சு சுதந்திரம் அங்கே இருக்கிறது, அதை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் இரண்டாவது உட்பிரிவில் இருக்கிறது. 1950-ல் அந்த உட்பிரிவில் இருந்தவை அவதூறு, கோர்ட் அவமதிப்பு, கண்ணியம் ஒழுக்கத்துக்கு விரோதமானவை, ராஜ்யத்தின் பாதுகாப்பைக் குலைப்பவை. (மூலம் ஒன்றும் மாசற்றதில்லை. கண்ணியம், ஒழுக்கம் என்பதை வைத்து நம்மில் ஒருவரை எப்படி அலைக்கழித்தார்கள் என்பதும், 2016 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் அவரை எழுதச் சொன்னதும் மறந்திருக்காது.) பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப்பத்திரிகை மதராஸ் ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்று இங்கிருந்த அரசாங்கம் தடை போட்டது, பொது ஒழுங்கின் பெயரால். 1950 மே 26-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை உடைத்தது: பொது ஒழுங்கு வேறு, ராஜ்யத்தின் பாதுகாப்பு வேறு, உட்பிரிவில் முதலாவது இல்லை. அதே நாளில் டில்லியின் வலதுசாரிப் பத்திரிகை 'ஆர்கனைஸர்' மேல் போட்ட முன்தணிக்கையும் விழுந்தது. மறு வருஷம் ஏப்ரலில் இன்னொரு மதராஸ் வழக்கு, செண்பகம் துரைராஜன். கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட நம் ஊர் அரசாணை செல்லாது என்றார்கள். பெரியார் தெருவில் இறங்கினார்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னது முதல் திருத்தம், 1951 ஜூன் 18. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து பதினேழு மாதம் ஆகவில்லை. பொதுத் தேர்தல் இன்னும் நடக்கவில்லை. திருத்தியவர்கள் வேறு யாரோ அல்ல. அதை எழுதிய சபையே தற்காலிகப் பார்லிமெண்டாக உட்கார்ந்திருந்தது. ஒரே சட்டத்தில் ஒரு கையால் 15(4) சேர்த்தார்கள். பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். நம்மில் பலர் கல்லூரிப் படி ஏறியது அந்த வரியால். மறு கையால் 19(2)-ஐ அகலமாக்கினார்கள். பொது ஒழுங்கு வந்தது, அந்நிய நாடுகளுடன் நட்புறவு வந்தது, குற்றத்துக்குத் தூண்டுதல் வந்தது. முதல் திருத்தத்தை வாழ்த்துகிறவர்களும் வைகிறவர்களும் பாதிச் சட்டத்தைப் படித்தவர்கள்.

மசோதா வந்தபோது 19(2)-ல் இல்லாத ஒரு சொல் செலக்ட் கமிட்டியில் நுழைந்தது: கட்டுப்பாடுகள் 'நியாயமான'வையாக இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் கட்டுப்பாடு உண்டா இல்லையா என்பதோடு கோர்ட்டின் வேலை முடிந்திருக்கும். அந்த ஒரு பெயரடையால்தான் இன்றுவரை எந்த எழுத்தாளனும் கோர்ட்டில் நின்று அளவு அதிகம் என்று வாதாட முடிகிறது. பெயரடைகளைக் கண்டால் அடிக்கச் சொல்கிற கவிஞ நண்பர்கள் இதை யோசிக்கலாம்.

ஆனால் முதல் திருத்தத்தில் என்னை நிறுத்திவைத்த வரி இதுவல்ல. புதிய உட்பிரிவைத் தருவதற்கு முன் அது ஒன்றைச் சொல்கிறது: இந்த உட்பிரிவு எப்போதுமே இந்த வடிவத்தில்தான் இயற்றப்பட்டிருந்ததாகக் கருதப்படும். அதாவது 1950-ன் வாசகம் மாற்றப்பட்டது என்றுகூட இல்லை. அது இருந்ததே இல்லை. தாப்பர் ஜெயித்த வழக்கு எந்த வரியால் ஜெயித்ததோ அந்த வரி ஒருநாளும் எழுதப்படவில்லை. முகப்புரையின் தேதி ஊமையாக நிற்பது 1976-ன் பாவம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இங்கே வந்து பார்க்கவேண்டும். நல்லவர்கள், எழுதியவர்களே, வேறு யாரும் சிறையில் தள்ளாத ஒரு கோடையில், தங்கள் கைப்பிரதியைத் தாங்களே இல்லையென்றார்கள்.

1963-ல் மறுபடியும் நாம். 1962 தேர்தலில் தி.மு.க. ஐம்பது இடம் பிடித்தது. அண்ணாதுரை ராஜ்யசபையில் திராவிட நாடு கேட்டுப் பேசினார். 16வது திருத்தம் 19(2)-ன் தலையில் இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் என்று சேர்த்தது, வேட்பாளர்கள் எடுக்கவேண்டிய பிரமாணத்தையும் அதற்கேற்ப மாற்றியது. கட்சி அந்த வருஷமே கோரிக்கையைக் கைவிட்டது. சொற்கள் அங்கேயே இருக்கின்றன. இன்று எங்கோ வடகிழக்கிலோ காஷ்மீரிலோ ஒருவரை அந்தச் சொற்களின் பெயரால் பிடித்துக்கொண்டு போகும்போது, அவை யாருக்காக முதலில் எழுதப்பட்டன என்பது பிடிக்கிறவருக்கும் தெரியாது, பிடிபடுகிறவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நம் பெயரைச் சொல்லாமல் நம்மைப்பற்றி எழுதிய வரிகள், நெசவில் கலந்துபோய்விட்டன. ஒன்பதாவது அட்டவணையில் மட்டும் பெயர் நிற்கிறது: கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1974-லும், 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-லும் அங்கே குடியேறின. கூடலூர் சட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கில்தான் 2007-ல் சுப்ரீம் கோர்ட், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்தவற்றையும் சோதிப்போம் என்றது.

திருத்தாமல் இருக்கச் சொல்லவில்லை. கைபடாத பிரதி என்பது மியூசியத்துக்கு. அடித்தது தெரியவேண்டும் என்பதுதான் நான் கேட்பது. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைப் பதிப்பித்தபோது தான் தேர்ந்த பாடத்தை மேலே வைத்துவிட்டு, ஒதுக்கிய பாடபேதங்களையும் கீழே தந்தார். அரசியல் சட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று அப்படி வரலாம். எல்லா ஷரத்தும் வேண்டாம், பத்து போதும். 19(2) இருக்கிற பக்கத்தை எடுத்துக்கொண்டால், மேலே இன்றைய வாசகம். கீழே 1950-ன் வாசகம். அதன் பக்கத்தில் கிராஸ் ரோட்ஸ், மதராஸ். 1951 என்று போட்டு, கமிட்டி சேர்த்த அந்த ஒரு சொல் தனியே. 1963 என்று போட்டு, திராவிட நாடு. முகப்புரைப் பக்கத்தில் இரண்டு தேதிகள். சட்டம் தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் ஒரு கோடைக்குள் முடிகிற வேலை. அச்சுக்கூலிக்கு வழக்கம்போல் நம்மில் யாராவது லோன் போடவேண்டியிருக்கும்.